சரக்குக்கு ஏற்ற கறி

போன ஞாயிறு மத்தியானம் நான் ஒரு ஸ்பெயின் நாட்டு வைன் போத்தலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். குசினிப் பக்கமிருந்து பிள்ளை பெற்ற வீட்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அந்த நிமிடம் நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. 

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இந்தப் பொம்பிளை வைனும் குடிக்கிறாவோ?" என்று புருவம் உயர்த்துகிற வாசகர்களுக்கு — ஓம், குடித்தேன். மொத்தம் ஏழெட்டு மிடறு. ஒரு சிநேகிதியின் வேலைக்காகக் குடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பொய்யும் இல்லை.

எங்கள் ஊரில், ஓர்ஸ் ஹில்லில் இருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற சரிவில் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. முதலாளி கனடாவில். இங்கே நின்று நடத்துகிறவர் வெங்கட், சென்னைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு, எந்நேரமும் காதில் போன். அங்கே சமைக்கிறவள் யோகம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஆகையால் 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள் மட்டும் எத்தனை தரம் சொன்னாலும் என்னை 'மிஸ்' என்பதை விடமாட்டாள்.

யோகம் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள். அதற்கு முன் ஆறு வருடம் எங்கள் கந்தோருக்குச் சோத்துப் பார்சல் கொண்டுவந்து தந்தவள். அவளுடைய கணவாய்க் கறி இருக்கிற நாளில் லீவு போடாமல் வேலைக்கு வந்தவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஒருத்தி நான்.

வெங்கட் சமையலுக்கு ஆள் தேடியபோது யோகத்தைக் கைகாட்டிவிட்டதும் நான்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவளும் பார்சல் வியாபாரத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் போனாள். அந்த மூன்று மாதம் முடிகிற கிழமைதான் இந்த ஸ்பெயின் ஜோடி வந்து இறங்கியது.

மார்த்தாவும் பாக்கோவும் புருஷன் பெண்சாதி. சுற்றுலாப் பயணிகளைச் சின்னச் சின்னக் கூட்டமாக நாடு நாடாய்க் கூட்டிப்போகிறவர்கள். மார்த்தாவின் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அவர் போடுகிற சிவப்பு வைனைப் போகிற இடமெல்லாம் கொண்டுபோய், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர்களுடைய வழக்கம். பொருந்தினால் ஒவ்வொரு சீசனும் கூட்டம் இந்த ஹோட்டலுக்கு. பொருந்தாவிட்டால்... கொழும்பிலிருந்து ஒரு செஃப் வருவார் என்று கனடாவிலிருந்து தகவல் வந்திருந்தது. செஃப் வந்தால் யோகம் எங்கே போவாள்?

முதலில் விருந்துக்கு வெங்கட் குறித்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. "போயாவில போத்தல் திறக்கேலாது தம்பி" என்று நான்தான் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வைத்தேன். அப்போதே கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். ஒரு ஊருக்கு வந்து பிழைக்கிறவருக்கு அந்த ஊரில் எது எதுவென்று யாராவது சொல்லத்தான் வேண்டும், இல்லையா?

வெள்ளிக்கிழமை பின்னேரம் மெனு அட்டையைப் பார்த்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் — எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் சொல்லை இழுத்துக்கொண்டு போய்விடுவேன். இருபத்திரண்டு வருட சேவை. அந்தப் பெருமையோடு குசினி மேசையில் உட்கார்ந்து 'ஃபுல் பாடி' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

முழு உடம்பு வைன்? உடம்பு வைத்த வைன்? எதை எழுதினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் போல இருந்தது. 'டிரை வைன்' அதைவிட மோசம். தொண்டை நனையக் குடிக்கிற ஒன்றைக் 'காய்ந்தது' என்று எந்த மனச்சாட்சியோடு எழுதுவது?

எனக்குப் பக்கத்தில் நின்று வெங்கட் யோகத்துக்கு விருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, டெவில்ட் எறா, நண்டு மசாலா — இது ரெண்டும் நான் சொல்ற மாதிரி, நல்லா காரமா இருக்கணும். மூணாவது உங்க இஷ்டம். சரக்குக்கு ஏத்த மாதிரி ஒரு கறி பண்ணிடுங்க."

யோகம் கொஞ்சம் நிதானித்தாள். "சரக்குக்கோ?"

"ஆமாக்கா. ஸ்பெயின்லேர்ந்து வந்திருக்காங்கல்ல, அவங்களுக்குத்தான். நாட்டுக்கோழின்னா சூப்பரா இருக்கும்."

"விடைக்கோழி எண்டா இன்னும் திறம். கிளிவெட்டியில மச்சாளிட்டச் சொல்லி எடுப்பிக்கிறன். எத்தினை நாளாம் தம்பி?"

"ரெண்டு வாரம் ஆச்சுக்கா. டூர்லதான் இருக்காங்க."

"என்ர அம்மாளாச்சி! ரெண்டு கிழமையில பிளேன் ஏறுறதோ? அந்த நாட்டில கேக்கப் பாக்க ஆக்கள் இல்லையோ?"

வெங்கட்டுக்குப் போன் வந்துவிட்டது. "சரிக்கா, சரிக்கா, நல்லா பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

"தூள் போடமாட்டன், தெரியும்தானே?" என்று அவருடைய முதுகைப் பார்த்துக் கேட்டாள் யோகம். அவர் கையைத் தூக்கி ஆட்டினார்.

இத்தனையும் என் காதில் விழுந்தன. ஒரு சொல் தவறாமல் விழுந்தன. நானோ 'டிரை'யோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விறாந்தையில் மேசை போட்டிருந்தார்கள். கீழே துறைமுகம் வெயிலில் பளபளவென்று கிடந்தது. மார்த்தா, பாக்கோ, வெங்கட், நான். நான் மொழிபெயர்க்கவும் சாப்பிடவும் வந்தவள்.

வெங்கட் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். மார்த்தா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். போத்தல் சுட்டது! 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எங்கேயோ படித்துவிட்டு, அடுப்புக்கு மேலேயுள்ள தட்டில் காலையிலிருந்து வைத்திருக்கிறார் நம்முடைய தம்பி. மார்த்தா சிரித்துவிட்டாள்.

"எங்கள் ஊர் அறை வேறு, உங்கள் ஊர் அறை வேறு" என்றாள். இருபது நிமிடம் ஐஸ் வாளியில் இருந்த பிறகுதான் போத்தல் குடிக்கிற பதத்துக்கு வந்தது. இல்லையென்றால் நாங்கள் அன்றைக்குக் குடித்திருப்பது ஒருவகைப் பிளேன்டீ.

திராட்சையின் பெயர் மொனாஸ்த்ரெல். வாயில் நுழைய எனக்கு மூன்று தரம் பிடித்தது. வெயில் கொளுத்துகிற, மழை குறைந்த மண்ணில் விளைகிறதாம். நிறம் கறுப்பென்றே சொல்லலாம். கிளாஸைச் சுழற்றச் சொன்னாள், மணக்கச் சொன்னாள், பிறகு ஒரு மிடறை எடுத்து உடனே விழுங்காமல் வாய்க்குள் வைத்திருக்கச் சொன்னாள்.

"என்ன தெரிகிறது?"

எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. "நாவற்பழம்" என்றேன், தமிழிலேயே. மூக்கில் நாவற்பழம், நாக்கில் நாவற்பழம், விழுங்கிய பிறகு பல் முரசெல்லாம் இழுத்துப் பிடிக்கிற அந்தக் கயரும் நாவற்பழம். மெனு அட்டையில் 'டானின்' என்று இரண்டு நாளாக நான் முட்டிக்கொண்டதற்கு எங்கள் ஊரில் ஒரு சின்னச் சொல் சும்மா இருந்திருக்கிறது. கயர்! மார்த்தா அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எனக்கோ சம்பளம் கூட்டித் தந்த மாதிரி சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் றால் வரும் வரைதான் நிலைத்தது.

யோகத்தின் டெவில்ட் றாலை நான் அறிவேன். அது தனியாக வந்தால் தேவாமிர்தம். வைனோடு சேர்ந்ததும் வாய்க்குள் பழைய சில்லறைக் குற்றியை வைத்துக்கொண்ட மாதிரி ஒரு இரும்புச் சுவை. பாக்கோ நெற்றியைச் சுருக்கினார். அடுத்தது நண்டு. வெங்கட் கேட்டபடியே நல்ல உறைப்பு. உறைப்பும் இந்த வைனும் ஒன்றையொன்று கண்டதும் சண்டைக்கு நின்றுவிட்டன. ஒரு வாய் நண்டு, ஒரு மிடறு வைன்... தொண்டை வரை நெருப்பு. பாக்கோ சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்குப் பெரிய வண்டி வைத்த மனிதர், மொட்டைத் தலை. தலையெல்லாம் வியர்த்து, தண்ணீர்ச் சாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மார்த்தா புன்னகையோடு பேனையை மூடிக் கொப்பிக்கு மேலே வைத்தாள். அந்த 'டிக்' சத்தம் எனக்குக் கொழும்பு செஃப் காரால் இறங்கிக் கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டது. வெங்கட்டின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

இந்தியாவிலிருந்து இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உங்களுக்குச் சரக்கு என்றால் போத்தலில் வருவது. எங்களுக்குச் சரக்கு என்றால் அம்மியில் வருவது. மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு (உங்கள் சுக்கு), மஞ்சள், உள்ளி (உங்கள் பூண்டு). மிளகாய் மருந்துக்கும் கிடையாது. பிள்ளை பெற்றவளுடைய வயிற்றுப்புண் ஆற, பால் சுரக்க, கோழியோ சுறாவோ போட்டு வைக்கிற பத்தியக் கறி. அது கொதிக்கிற வாசனை வேலிக்கு வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

கதிரையைத் தள்ளிவிட்டுக் குசினிக்கு ஓடினேன்.

யோகம் சட்டியை இறக்கி வைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்ல துண்டுகளாகப் பார்த்துத் தனியாக எடுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், தாய்க்காரி எங்க? மேல் அறையிலயோ? காலமையிலயிருந்து பாக்கிறன், பிள்ளையின்ர சத்தமே இல்லை. சுகமில்லையோ?"

"யோகம்... பிள்ளை ஒண்டும் இல்லை. தாய்க்காரியும் இல்லை."

"அப்ப இந்தச் சரக்கு ஆருக்கு?"

"சரக்கெண்டு அந்தத் தம்பி சொன்னது வைனை."

யோகம் என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் இந்தியப் படம் பாக்கிறேல்லையோ?" என்றேன்.

"பாக்கிறனான் மிஸ். படத்தில சொன்னா அது வேற. குசினிக்க நிண்டு, கறி வையுங்கோ எண்டு சொல்லேக்க சரக்கெண்டா இதுதானே?"

 அவள் சொன்னதில் எங்கே பிழை?

"நீங்களும் பக்கத்திலதானே மிஸ் இருந்தனீங்கள்?"

கோபத்தில் கேட்கவில்லை. சும்மா கேட்டாள். இருபத்திரண்டு வருட சேவையில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.  இரண்டு தமிழும் தெரிந்த ஒரே ஆள் அந்தக் குசினியில் நான்தான். நானே சும்மா இருந்திருக்கிறேன்.

வெங்கட் உள்ளே வந்தார். "அக்கா, சிக்கன் எங்க... ஐயோ, என்ன இது? நாட்டு மருந்துக் கடை மாதிரி வாசனை?"

நான் இரண்டு வரியில் சொன்னேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்டுமில்லைத் தம்பி" என்றாள் யோகம். குரல் இறங்கியிருந்தது. "என்ர பிழைதான். கொழும்பில இருந்து ஆள் வரட்டும்." ஏப்ரனைக் கழற்றி மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

வெறும் மேசையைக் காட்ட ஏலாது. வெங்கட் செத்த வீட்டு முகத்தோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ரொட்டித் தட்டோடு நான் பின்னால் போனேன்.

பாக்கோ முதலில் பயந்து பயந்துதான் தொட்டார். ஒரு துண்டு. தண்ணீர்ச் சாடியில் கை வைத்தபடியே மென்றார். பிறகு கை சாடியை விட்டு வைன் கிளாஸுக்குப் போனது. ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டார். நானும் செய்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை வாசகர்களே, அது அதே வைன் இல்லை! விடைக்கோழியின் நெய்யில் அந்தக் கயர் அடங்கிவிட்டது. மிளகும் வேர்க்கொம்பும் வைனுக்குள் போய், அதுவரை காட்டாத ஒரு இனிப்பை வெளியே இழுத்துக்கொண்டு வந்தன. உறைப்பு இல்லாததால் சண்டையும் இல்லை. இவ்வளவு கயரும் கனமுமான வைனுக்குக் கொழுப்புள்ள இறைச்சியும் மிளகும்தான் துணை, மிளகாய் ஆகாது என்று மார்த்தா பிறகு சொன்னாள். அதை யோகம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். "தூள் போடமாட்டன், தெரியும்தானே?"

மார்த்தா பேனையைத் திறந்தாள்.

"இதன் பெயர் என்ன? எப்போது சாப்பிடுவீர்கள்?"

வெங்கட் என் காதுக்குள் வந்தார். "மேடம், லோக்கல் ஹெர்பல் சிக்கன்னு சொல்லிடுங்க மேடம். ப்ளீஸ்."

சொல்லியிருக்கலாம். எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு கிழமையில் எத்தனை தரம்தான் நான் வேலையில் கோட்டை விடுவது? உள்ளதை உள்ளபடியே சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கறி இது, ஒரு சொல்லில் வந்த குழப்பத்தால் உங்கள் மேசைக்கு வந்துவிட்டது, உங்களோடு ஒரு பச்சைக்குழந்தை வந்திருக்கிறதென்று நினைத்துச் சமைத்தவள் தாய்க்கு வேறு தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் — எல்லாம் சொன்னேன்.

 பாக்கோ குனிந்து தன் வண்டியைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதைத் தடவினார். "அந்தக் கிண்ணமும் எனக்குத்தான்" என்றார்.

மார்த்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சமைத்தவரை நான் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் வந்தால் அவர்தான் சமைக்க வேண்டும்" என்றாள்.

குசினியில் யோகம் இல்லை. வெளியே ஓடினேன். கேற்றடியில் சைக்கிளோடு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"யோகம், நில்லுங்கோ! ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிடினம்!"

"ஆர்?"

"அந்த வண்டிக்காரர்."

எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்த வெங்கட், "டிரைவருக்கும் சாப்பாடு குடுத்துட்டீங்களா மேடம்?" என்றார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவருக்கு வண்டி என்றால் வாகனம், எங்களுக்கு வயிறு. அவருக்குக் கறி என்றால் இறைச்சி, எங்களுக்குக் கத்தரிக்காயும் கறிதான். தெரியாத பாஷை என்றால் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம், சந்தேகம் கேட்கிறோம், என்னைப் போல ஒரு ஆளைக் கூப்பிடுகிறோம். தெரிந்த பாஷை என்றால் பாதியில் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டுக்குள் நடக்கிற சண்டைகளில் பாதி இதனால்தான் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். உங்களுக்கு?

யோகத்தைக் கையில் பிடித்து விறாந்தைக்குக் கூட்டிவந்தேன். மார்த்தா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யோகம் கூச்சத்தில் நெளிந்தாள்.

"அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க பெர்மனன்ட்" என்றார் வெங்கட். இது எந்தத் தமிழிலும் ஒன்றுதான். யோகம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு தலைப்புத் தேவைப்பட்டது.

மார்த்தா ஒரு கிளாஸில் இரண்டு விரல் வைன் ஊற்றி அவளிடம் நீட்டினாள். சமைத்தவர் குடித்துப் பார்க்க வேண்டுமாம். யோகம் என்னைப் பார்த்தாள். சல்லி அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, "அம்மாளே, குறை நினையாதை" என்று முணுமுணுத்தாள். பிறகு ஒரே ஒரு மிடறு எடுத்தாள். முகம் அப்படியே சுருங்கிப்போனது.

"சீ, கயருது மிஸ். பிள்ளை பெத்தவளுக்கு மட்டும் இதைக் குடுத்திராதேங்கோ."

"என்ன மேடம் சொல்றாங்க?" என்றார் வெங்கட்.

"துவர்க்குதாம்" என்றேன். இந்த முறை, உடனேயே.